கடல்நீர் மீன்தொட்டியில் நீர்க்கசிவு

வீடுகளில் கடல்மீன், கடற்சாமந்தி, இறால் போன்ற உயிர்களை வளர்க்கும் உப்புநீர்த் தொட்டியிலிருந்தோ, அதனுடன் இணைந்த குழாய், கீழ்த்தொட்டி, வடிகட்டி ஆகியவற்றிலிருந்தோ நீர் வெளியேறுவது கடல்நீர் மீன்தொட்டியின் நீர்க்கசிவு எனப்படுகிறது. நன்னீர்த் தொட்டியின் கசிவைவிட இது மூன்று வகைகளில் ஆபத்தானது. உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். தொட்டியைத் தாங்கும் இரும்புச் சட்டத்தை அரிக்கும். கசிந்த நீருக்கு ஈடாக நன்னீரை ஊற்றிவந்தால் தொட்டியின் உப்பளவு குறைந்து உயிர்கள் மடியும். ஆனால் கசிவைக் காட்டிக்கொடுப்பதும் அதே உப்புதான். வெண்ணிற உப்புத்தடமும் உப்பளவில் தெரியும் மாற்றமும் கசிவைக் கண்டறிய மிக எளிய சான்றுகள்.

பின்னணி

கடல் உயிர்களைக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் பரவியது. லண்டன் விலங்குக் காட்சியகத்தில் 1853-ல் பொதுமக்களுக்கான மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. இயற்கையியலாளர் பிலிப் ஹென்றி காஸ் 1854-ல் வெளியிட்ட நூல் 'அக்வேரியம்' என்ற சொல்லைப் பரவலாக்கியது. சென்னை மெரினா கடற்கரையில் 1909-ல் கடல்மீன் காட்சியகம் தொடங்கப்பட்டது.

அக்காலத் தொட்டிகள் உலோகச் சட்டத்தில் கண்ணாடியைப் பொருத்தி மக்குப் பூசிச் செய்யப்பட்டவை. உப்புநீர் சட்டத்தை அரித்ததால் கசிவு அவற்றின் தீராத குறையாக இருந்தது. 1960-களில் சிலிக்கோன் பசை பயன்பாட்டுக்கு வந்தபின் சட்டமே இல்லாமல் கண்ணாடியைக் கண்ணாடியோடு ஒட்ட முடிந்தது. வீட்டில் கடல்மீன் வளர்ப்பது அதன்பிறகே எளிதாயிற்று.

தமிழகத்தின் மண்டபத்திலும் கேரளத்தின் விழிஞத்திலும் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையங்கள் கோமாளி மீன் உள்ளிட்ட அலங்காரக் கடல்மீன்களைக் குஞ்சு பொரிக்க வைக்கும் முறைகளில் ஆய்வு செய்துள்ளன. இந்தியக் கடலின் கற்பவளங்களும் கடற்குதிரைகளும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன் பாதுகாப்பில் உள்ளன. அவற்றைக் கடலிலிருந்து எடுத்து வீட்டில் வளர்ப்பது குற்றம்.

தொட்டியின் அமைப்பு

வீட்டுக் கடல்நீர்த் தொட்டி பெரும்பாலும் இரண்டு அடுக்குகளாக அமையும். மேலே மீன்கள் வாழும் காட்சித்தொட்டி. கீழே அலமாரிக்குள் 'சம்ப்' எனப்படும் கீழ்த்தொட்டி. காட்சித்தொட்டியில் நீர் ஒரு குறிப்பிட்ட மட்டத்தைத் தாண்டியதும் ஓவர்ஃப்ளோ பெட்டியின் விளிம்பைக் கடந்து குழாய் வழியாகக் கீழே இறங்கும். கீழ்த்தொட்டியில் வடிகட்டப்பட்ட நீரை மோட்டார் மீண்டும் மேலே ஏற்றும்.

நாஞ்சில்நாட்டுக் குளங்களில் மறுகால் செய்யும் வேலையையே தொட்டியில் ஓவர்ஃப்ளோ பெட்டி செய்கிறது. குளம் பெருகும்போது மறுகால் அடைபட்டால் கரை உடைவதுபோல, ஓவர்ஃப்ளோ பெட்டியின் வாயை நத்தையோ பாசியோ அடைத்தால் மோட்டார் ஏற்றும் நீர் காட்சித்தொட்டியின் மேல்விளிம்பைத் தாண்டி வழியும்.

நீரழுத்தம்

கண்ணாடியின் மீதுள்ள அழுத்தம் நீரின் ஆழத்தைப் பொறுத்தது. தொட்டியில் மொத்தம் எவ்வளவு நீர் உள்ளது என்பதைப் பொறுத்தது அல்ல. 120 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் 60 செ.மீ. உயரமும் கொண்ட தொட்டி நிரம்பியிருக்கையில் ஏறத்தாழ 324 லிட்டர் கடல்நீர் கொள்ளும். அந்த நீரின் எடை மட்டும் சுமார் 332 கிலோ. அதன் முன்பக்கக் கண்ணாடியை நீர் வெளியே தள்ளும் விசை சுமார் 220 கிலோ எடைக்குச் சமம். இந்த விசையின் பெரும்பகுதி கண்ணாடியின் கீழ்ப்பாதியில் விழுகிறது.

நீரின் ஆழத்தை 30 செ.மீ. ஆகக் குறைத்தால் இந்த விசை 55 கிலோ எடைக்கு இறங்கிவிடும். ஆழம் பாதியானால் விசை நான்கில் ஒரு பங்காகிறது. கசிவு தெரிந்தவுடன் நீர்மட்டத்தைக் குறைக்கச் சொல்வது இதனால்தான். முழுவதும் வடிக்க நேரமில்லாவிட்டாலும் பாதி வடித்தாலே தொட்டியின் மீதுள்ள சுமை பெருமளவு குறையும்.

கசிவும் ஆவியாதலும்

தொட்டியில் நீர்மட்டம் இறங்குவதெல்லாம் கசிவு அல்ல. திறந்த மேற்பரப்பு, விளக்கின் சூடு, மின்விசிறி, காற்றோட்டம் ஆகியவற்றால் நாள்தோறும் நீர் ஆவியாகும். மொத்த நீரில் சுமார் ஒரு சதவீதம் ஒரு நாளில் குறைவது இயல்பு. கீழ்த்தொட்டி உள்ள அமைப்பில் இந்த இறக்கம் காட்சித்தொட்டியில் தெரியாது, கீழ்த்தொட்டியில்தான் தெரியும்.

இரண்டையும் பிரித்தறிய உப்பளவு உதவுகிறது. நீர் ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. எனவே உப்பளவு உயர்கிறது. குறைந்த அளவுக்கு நன்னீர் ஊற்றினால் உப்பளவு பழைய நிலைக்கே திரும்பும். கசிவிலோ நீரோடு உப்பும் வெளியேறிவிடுகிறது. குறைந்த அளவுக்கு நன்னீர் ஊற்றினால் உப்பளவு பழைய அளவைவிடக் கீழே போகும்.

எடுத்துக்காட்டாக, மொத்தம் 350 லிட்டர் நீர் உள்ள அமைப்பில் ஒரு கிலோ நீருக்கு 35 கிராம் உப்பு இருப்பதாகக் கொள்வோம். நாளொன்றுக்கு 2 லிட்டர் வீதம் கசிந்து, அதே அளவு நன்னீர் ஊற்றப்பட்டு வந்தால், இரண்டு வாரங்களில் உப்பளவு 32.3 கிராம் அளவுக்கு இறங்கிவிடும். தரையில் ஈரம் தெரியாத அளவுக்குச் சிறிய கசிவானாலும் ஹைட்ரோமீட்டரோ ரிஃப்ராக்டோமீட்டரோ அதைக் காட்டிவிடும். இதற்கு ஒரே கருவியால், நீர்மட்டம் ஒரே கோட்டில் இருக்கும்போது அளந்து, வாரந்தோறும் குறித்துவர வேண்டும். உப்பளவு தொடர்ந்து இறங்கினால் கசிவு, ஸ்கிம்மர் கோப்பையில் வெளியேறும் நீர், விளிம்பில் படியும் உப்பு ஆகிய மூன்றில் ஒன்று காரணமாக இருக்கும்.

தரையில் காணப்படும் நீர் தொட்டியுடையதா என்பதை அறியவும் உப்பு உதவுகிறது. அந்த நீரில் ஒரு துளியை எடுத்துக் கறுப்புத் தட்டிலோ கண்ணாடித் துண்டிலோ விட்டுக் காயவைக்க வேண்டும். தடித்த வெள்ளைப் படிவு எஞ்சினால் அது தொட்டியின் நீர். ஏறக்குறைய எதுவும் எஞ்சாவிட்டால் அது குளிர்விப்பானின் மேல் வியர்த்த நீராகவோ, நிரப்புவதற்கு வைத்திருக்கும் நன்னீராகவோ இருக்கலாம்.

கசிவு ஏற்படும் இடங்கள்

கண்ணாடியே உடைந்து நீர் கொட்டுவது அரிது. வீடுகளில் தரைக்கு வரும் நீரில் பெரும்பகுதி பின்வரும் இடங்களிலிருந்து வருகிறது.

மின்தடையின்போது திரும்பும் நீர்

மோட்டார் நின்றதும் குழாயில் உள்ள நீரும், காட்சித்தொட்டியில் ஓவர்ஃப்ளோ விளிம்புக்கு மேலுள்ள நீரும் கீழ்த்தொட்டிக்கு இறங்கும். நீரை மேலே விடும் குழாயின் முனை நீருக்குள் மூழ்கியிருந்தால், அது எதிர்த்திசையில் நீரை உறிஞ்சிக் கீழே இறக்கும். முன்னர் குறிப்பிட்ட அளவுள்ள தொட்டியில் ஒவ்வொரு செ.மீ. உயரமும் 5.4 லிட்டர். குழாய் முனை 5 செ.மீ. ஆழத்தில் இருந்தால் 27 லிட்டர் நீர் திரும்பும். கீழ்த்தொட்டி 75 செ.மீ. நீளமும் 40 செ.மீ. அகலமும் கொண்டதென்றால் அங்கே நீர்மட்டம் 9 செ.மீ. உயரும். அந்த அளவுக்கு வெற்றிடம் விடப்படவில்லை என்றால் மிஞ்சிய நீர் தரைக்கு வரும்.

இதில் தொட்டியின் எந்தப் பாகமும் பழுதாகவில்லை. மின்சாரம் வந்ததும் எல்லாம் வழக்கம்போல ஓடும். அதனால் காரணம் தெரியாமல் கண்ணாடி ஒட்டைச் சந்தேகித்துப் பிரித்து ஒட்டுபவர்களும் உண்டு.

குழாய் இணைப்புகள்

துளையிட்ட தொட்டியில் குழாயைப் பொருத்தும் டேங்க் நிப்பிள் கசிவுக்குப் பெயர்பெற்ற இடம். ரப்பர் வாஷர் நிப்பிளின் தலைப்பக்கத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் அமைய வேண்டும். வாஷரைத் திருகுமறைப் பக்கம் போட்டால் திருகுவழியே நீர் ஊறும். ஸ்பானர் கொண்டு இறுக்கினால் கண்ணாடி விரிசல்விடும். கையால் இறுக்கி, பின் கால் சுற்று கூடுதலாகத் திருகுவது போதும். பிவிசி குழாய்களில் பசை ஒழுங்காகப் பரவாத மூட்டுகளும், மோட்டாரின் அதிர்வால் தளரும் யூனியன்களும் மெல்லக் கசியும்.

சிலிக்கோன் ஒட்டு

உள்மூலைகளில் பூசிய சிலிக்கோன் ஓரம் பெயர்ந்து நிற்பது, கண்ணாடிகளுக்கு இடையிலான ஒட்டில் காற்றுக்குமிழி நீண்டுகொண்டே போவது, ஒட்டு வெளுத்து மங்குவது ஆகியவை எச்சரிக்கை அறிகுறிகள். பாசியைச் சுரண்டும் பிளேடு மூலையில் பட்டு ஒட்டை அறுப்பது அடிக்கடி நடக்கும் தவறு. மட்டமில்லாத சட்டத்தின்மீது வைத்த தொட்டியில் ஒரு மூலைக்கு மட்டும் இழுவிசை கூடி ஒட்டு பிரியும்.

ஸ்கிம்மர் வழிதல்

கழிவுகளை நுரையாகப் பிரித்தெடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர், மருந்து ஊற்றிய பிறகும் புதிய பசை பயன்படுத்திய பிறகும் அளவுக்கு மீறி நுரைத்துக் கோப்பையைத் தாண்டி வழியும். கீழ்த்தொட்டியில் நீர்மட்டம் உயர்ந்தாலும் இப்படி நேரும்.

தானியங்கி நன்னீர் நிரப்பி

ஆவியான நீருக்கு ஈடாக நன்னீர் விடும் மிதவை வால்வு உப்புப் படிந்து மூடாமல் போனால் நீர் தொடர்ந்து வரும். அது வீட்டின் மேல்நிலைத் தொட்டிக் குழாயோடு நேரடியாக இணைக்கப்பட்டிருந்தால் தரை வெள்ளமாவதோடு தொட்டியின் உப்பளவும் சரிந்துவிடும். வேறோர் இடத்தில் கசிவு இருக்கும்போது இந்தக் கருவி நீர்மட்டத்தைச் சமன்செய்து கசிவை மறைத்தும்விடும்.

உப்பு ஊர்தல்

குமிழிகள் உடைந்து தெறிக்கும் துளிகள் விளிம்பில் காய்ந்து உப்பாகின்றன. அந்த உப்புப் படிவு ஈரத்தை உறிஞ்சி, திரிபோல நீரை வெளிப்புறம் கடத்துகிறது. இது கசிவுபோலத் தோன்றினாலும் ஒட்டில் குறை இருக்காது. ஆனால் இந்தப் படிவு மின்கம்பியின் வழியாகப் பிளக் வரை சென்றுவிட்டால் தீப்பொறிக்கும் தீக்கும் காரணமாகலாம்.

இடத்தைக் கண்டறிதல்

முதலில் வெளிப்பரப்பு முழுவதையும் நன்னீரில் நனைத்த துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் காயவைக்க வேண்டும். பழைய உப்புத்தடம் இருந்தால் புதிய கசிவு தெரியாது. அடுத்து ஒவ்வொரு மூட்டின் கீழும் செய்தித்தாள் துண்டுகளை வைத்து எது முதலில் நனைகிறது என்று பார்க்க வேண்டும். நீர் கண்ணாடி ஓரமாகவே ஓடிக் கீழே சேர்வதால், ஈரம் தெரியும் இடத்தைவிட அதற்கு மேலே தேடுவதே முறை.

மோட்டாரை ஓடவிட்டும் நிறுத்தியும் பார்ப்பது தேடலைச் சுருக்கும்.

- மோட்டார் ஓடும்போது மட்டும் கசிந்தால்: மேலேற்றும் குழாய், அதன் மூட்டுகள், ஓவர்ஃப்ளோ பெட்டியின் அடைப்பு, ஸ்கிம்மர்.
- மோட்டார் நின்ற பிறகு மட்டும் வழிந்தால்: திரும்பும் நீருக்குக் கீழ்த்தொட்டியில் இடமில்லை.
- இரண்டு நிலையிலும் கசிந்தால்: கண்ணாடி ஒட்டு, டேங்க் நிப்பிள், கீழ்த்தொட்டியின் ஒட்டு.
- எப்போதாவது மட்டும் தரை நனைந்தால்: மிதவை வால்வு, உப்பு ஊர்தல், குளிர்விப்பானின் வியர்வை.

ஒட்டில்தான் கசிவு என்று தெரிந்தும் இடம் புலப்படாவிட்டால், கண்ணாடியில் நீர்மட்டத்தை நேரத்தோடு குறித்துவர வேண்டும். மட்டம் இறங்கி ஓரிடத்தில் நின்றுவிட்டால் கசிவு அந்த உயரத்தில் உள்ளது. நிற்காமல் இறங்கினால் அடித்தளத்தில் உள்ளது.

உடனடி நடவடிக்கைகள்

தரையில் உப்புநீர் தேங்கியிருந்தால் அதில் கால்வைப்பதற்கு முன் மின்சாரத்தை மெயின் சுவிட்சில் நிறுத்த வேண்டும். தொட்டிக்குள் கையை விடுவதும், நனைந்த பிளக்கைப் பிடுங்குவதும் அதன் பிறகே. நீருக்கு வெளியே தெரியும் நிலையில் ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தால் அதன் கண்ணாடி வெடிக்கும்.

அடுத்தது நீர்மட்டத்தைக் குறைப்பது. வடிக்கும் நீரைச் சுத்தமான டிரம்களில் சேமிக்க வேண்டும், கீழே விட்டுவிடக் கூடாது. மீன்களுக்குப் பழகிய நீர் அதுவே. ரசாயனம் இருந்த டிரம்களைக் கழுவிப் பயன்படுத்துவது ஆபத்து. மீன்களை அந்த நீரிலேயே விட்டு, பேட்டரியில் இயங்கும் காற்று மோட்டாரைப் போட வேண்டும். கழிவுகளைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் உயிர்ப்பாறையில் வாழ்வதால் பாறையையும் உப்புநீரில் மூழ்கவைத்துக் காற்று கொடுக்க வேண்டும். அடிமணலைக் கிளறாமல் கடைசியில் எடுப்பது நல்லது. நாட்பட்ட மணலின் அடியில் ஹைட்ரஜன் சல்பைடு தேங்கியிருக்கலாம். அது மீன்களுக்கு நஞ்சு. அதே மணலை மீனிருக்கும் டிரம்மில் போடக் கூடாது.

நனைந்த தரையையும் இரும்பு ஆங்கிள் ஸ்டாண்டையும் நன்னீரால் பலமுறை துடைக்க வேண்டும். உப்பை அப்படியே காயவிட்டால் சிமெண்ட் தரையும் சுவரும் உப்புப் பூத்துப் பொரியும். கான்கிரீட்டுக்குள் இறங்கும் உப்பு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். ஸ்டாண்டின் வெல்டிங் மூட்டுகளில் தங்கும் உப்பு வெளியே தெரியாமல் அரிக்கும். 300 லிட்டருக்கு மேற்பட்ட தொட்டியைத் தாங்கும் சட்டத்தில் அது மிகப்பெரிய ஆபத்து.

பழுதுபார்த்தல்

குழாய் மூட்டுக் கசிவை மூட்டை வெட்டி எடுத்துப் புதிதாகப் பொருத்திச் சரிசெய்யலாம். திருகு மூட்டுகளுக்கு டெஃப்ளான் டேப் போதும். பித்தளை, செம்பு பாகங்களைப் பயன்படுத்தக் கூடாது. நீரில் கரையும் செம்பு மிகச் சிறிய அளவிலும் இறால், நத்தை, கடற்சாமந்தி போன்றவற்றைக் கொன்றுவிடும்.

கண்ணாடி ஒட்டுக்கு வெளிப்புறத்தில் பசை பூசுவது பலனளிக்காது. உள்ளிருந்து தள்ளும் நீர் அதைப் பெயர்த்துவிடும். எம்-சீல் போன்ற மக்குகளும் தற்காலிகமாகச் சொட்டை நிறுத்தலாமே தவிர, ஒட்டின் வலுவை மீட்காது. உலர்ந்த பழைய சிலிக்கோனின்மீது புதிய சிலிக்கோன் சரியாகப் பற்றாது என்பதால், தொட்டியைக் காலிசெய்து உள்மூலைப் பழைய சிலிக்கோனை முழுவதும் பிளேடால் அகற்றி, கண்ணாடியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, எல்லா மூலைகளிலும் ஒரே தடவையில் புதிதாகப் பூச வேண்டும். கண்ணாடிகளுக்கு இடையிலான முதன்மை ஒட்டே பிரிந்திருந்தால் தொட்டியைப் பிரித்து ஒட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. விரிசல் விழுந்த கண்ணாடியைப் பசையால் காப்பாற்ற முடியாது. அந்தப் பலகையையே மாற்ற வேண்டும்.

சிலிக்கோன் வாங்கும்போது பூஞ்சைத் தடுப்பான் கலந்த குளியலறை வகையைத் தவிர்க்க வேண்டும். அது மீன்களுக்கு நஞ்சு. உலரும்போது வினிகர் மணம் வீசும் கலப்பில்லாத சிலிக்கோனே மீன்தொட்டிகளுக்கு வழக்கமாகப் பயன்படுவது. மேற்பரப்பு அரைமணி நேரத்துக்குள் தோல்கட்டினாலும் உள்ளே ஒரு நாளுக்குச் சில மில்லிமீட்டர்தான் இறுகும். வினிகர் மணம் முற்றிலும் நீங்கும்வரை, குறைந்தது ஒரு வாரம் காத்திருந்து, நன்னீரை நிரப்பிச் சில நாள் சோதித்த பிறகே தொட்டியை மீண்டும் பயன்படுத்த வேண்டும்.

தடுப்பு முறைகள்

- தொட்டி வைக்கும் ஸ்டாண்டை ரசமட்டம் வைத்து நான்கு பக்கமும் சரிபார்க்க வேண்டும். சட்டமில்லாத கண்ணாடித் தொட்டிக்கு அடியில் தெர்மாகோல் பலகை போடுவது சிறு மேடுபள்ளங்களைச் சமன்செய்யும்.
- புதிய தொட்டியை நன்னீரால் நிரப்பி ஒரு வாரம் வைத்துப் பார்த்த பிறகே உப்பும் உயிர்களும் சேர்க்க வேண்டும்.
- மோட்டாரை வேண்டுமென்றே நிறுத்தி, கீழ்த்தொட்டியில் நீர் எந்த அளவு உயர்கிறது என்று பார்க்க வேண்டும். வழியாமல் நிற்கும்படி இயக்கநேர மட்டத்தைத் தீர்மானித்து, அந்த இடத்தில் அழியாத கோடு போட வேண்டும். கோட்டுக்கு மேல் எப்போதும் நிரப்பக் கூடாது.
- மேலே நீர்விடும் குழாயில், நீர்மட்டத்தை ஒட்டி ஒரு சிறு துளையிட வேண்டும். மோட்டார் நின்றதும் அதன்வழியே காற்று புகுந்து எதிர் உறிஞ்சலை நிறுத்தும். துளையைப் பாசி மூடாமல் மாதந்தோறும் துடைக்க வேண்டும். ஒருவழி வால்வை மட்டும் நம்பக் கூடாது. சுண்ணாம்புப் படிவும் சிறு நத்தையும் அதைத் திறந்த நிலையிலேயே நிறுத்திவிடும்.
- மோட்டார் உள்ள அறையில், ஓவர்ஃப்ளோ பெட்டி அடைத்துக்கொண்டாலும் காட்சித்தொட்டியின் மேல்வெற்றிடத்துக்குள் அடங்கும் அளவுக்கே நீர் இருக்கவேண்டும். அதற்கு மேல் ஏற்ற நீர் இல்லாமல் போவதால் வழிதல் நேராது.
- நன்னீர் நிரப்பியின் கலம் சிறிதாக இருக்க வேண்டும். அதிலுள்ள நீர் முழுவதும் ஒரே நேரத்தில் இறங்கினாலும் கீழ்த்தொட்டி கொள்ள வேண்டும்.
- மின்கம்பி ஒவ்வொன்றும் பிளக்குக்குக் கீழே இறங்கி வளைந்து ஏற வேண்டும். கம்பிவழி ஓடும் நீர் அந்த வளைவில் சொட்டிவிடும். ஜங்ஷன் பாக்ஸைத் தரையிலோ தொட்டிக்கு நேர்கீழோ வைக்கக் கூடாது.
- மீன்தொட்டியின் மின் இணைப்புக்கு 30 மில்லி ஆம்பியர் அளவுள்ள ஆர்சிசிபி பொருத்த வேண்டும். அது மின்கசிவு ஏற்பட்டதும் இணைப்பைத் துண்டித்து உயிரைக் காக்கும்.

பூதப்பாண்டிச் சூழல்

தொட்டியைப் பராமரிப்பதில் ஊரின் காற்றும் மழையும் வீட்டின் அமைப்பும் கணக்கில் கொள்ளப்பட வேண்டியவை. கன்னியாகுமரி மாவட்டம் தோவாளை வட்டத்தில், நாகர்கோவிலுக்கு வடக்கே, மேற்குத்தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை ஒட்டி அமைந்த பூதப்பாண்டி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய பகுதிகளில் காற்று பலமாக வீசும். சன்னல் திறந்திருக்கும் வீட்டில் அக்காலத்தில் தொட்டிநீர் விரைந்து ஆவியாகும். ஆனி, ஆடியில் நீர்மட்டம் வழக்கத்தைவிடக் கூடுதலாக இறங்குவது கசிவாக இருக்க வேண்டியதில்லை. மாறாக, ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றில் ஈரப்பதம் மிகுந்திருக்கும்போது அதே வேகத்தில் நீர் குறைந்தால் கசிவைத் தேட வேண்டும். தொட்டியின் அருகில் அகன்ற பாத்திரத்தில் நீர்வைத்து இரண்டிலும் மட்டம் இறங்குவதை ஒப்பிடுவது எளிய சோதனை.

வடகிழக்குப் பருவமழையின் இடிமின்னலால் மின்தடை ஏற்படுவதும் பாதுகாப்புக் கருவிகள் இணைப்பைத் துண்டிப்பதும் உண்டு. காட்சித்தொட்டிக்குள் நீரைச் சுழற்றும் சிறு மோட்டாரையும் காற்று மோட்டாரையும் தனி இணைப்பில் இன்வெர்ட்டரோடு சேர்ப்பது, பெரிய மோட்டார் நின்றாலும் மீன்களுக்குப் பிராணவாயு கிடைக்கச் செய்யும்.

பழைய நாஞ்சில்நாட்டு வீடுகளில் மரப்பலகை வேய்ந்த மச்சு இருப்பதுண்டு. நீர், கண்ணாடி, பாறை, மணல், ஸ்டாண்ட் எல்லாம் சேர்ந்து அரை டன்னை நெருங்கும் தொட்டியை மச்சில் வைக்கக் கூடாது. கீழ்த்தளத்தில், சுவரை ஒட்டிய உறுதியான தரையே ஏற்றது.

கசிவின்போது இழந்த நீருக்கு ஈடாகக் கடல்நீர் கொண்டுவருவதிலும் கவனம் தேவை. பூதப்பாண்டி வழியாகப் பாயும் பழையாறு மணக்குடியில் கடலில் சேர்கிறது. மழைக்காலத்தில் முகத்துவாரத்தை ஒட்டிய கடல்நீரில் ஆற்றுநீர் கலந்து உப்பளவு குறைவாக இருக்கும். முகத்துவாரத்திலிருந்து விலகிய இடத்தில் நீர் எடுத்து, துணியால் வடிகட்டி, உப்பளவைத் தொட்டியின் அளவோடு ஒப்பிட்ட பிறகே ஊற்ற வேண்டும். செயற்கைக் கடலுப்பைக் கரைத்து ஒரு டிரம் நீரை எப்போதும் தயாராக வைத்திருப்பது இதைவிடப் பாதுகாப்பானது. சமையல் உப்பைக் கரைப்பது கடல்நீருக்கு மாற்று ஆகாது. கடல்நீரில் உள்ள மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் போன்றவை அதில் தேவையான அளவில் இல்லை.

பெருந்தொட்டி உடைப்பு

ஜெர்மனியின் பெர்லின் நகரில் ஓட்டல் முற்றம் ஒன்றில் அமைந்திருந்த 'அக்வாடோம்' என்ற உருளை வடிவக் கடல்நீர்த் தொட்டி 2022 டிசம்பர் 16 அதிகாலையில் உடைந்தது. சுமார் 10 லட்சம் லிட்டர் நீர் வெளியேறியது. அதிலிருந்த சுமார் 1,500 மீன்களில் மிகப் பெரும்பாலானவை இறந்தன. இருவர் காயமடைந்தனர். அதிகாலை என்பதால் முற்றத்தில் கூட்டம் இல்லை. அது அக்ரிலிக்கால் ஆன தொட்டி. அதன் உடைப்புக்கு உறுதியான ஒற்றைக் காரணத்தை ஆய்வால் சொல்ல முடியவில்லை.

வீட்டுத் தொட்டி அந்த உயரத்துக்கோ அழுத்தத்துக்கோ அருகில் வருவதில்லை. அங்கு சேதம் பெரும்பாலும் வாரக்கணக்கில் மெல்ல நடப்பது. விளிம்பில் படியும் உப்பு, கீழ்த்தொட்டியின் கோட்டுக்கும் நீருக்கும் உள்ள இடைவெளி, வாராந்திர உப்பளவுக் குறிப்பு ஆகிய மூன்றையும் தொடர்ந்து பார்த்துவருபவருக்குப் பெரும்பாலான கசிவுகள் தரை நனைவதற்கு முன்பே தெரிந்துவிடும்.